பெயர் ஒன்று, அளவு இரண்டு

ஒரு டெராபைட்டு கொள்ளுமெனப் பெட்டியின்மேற் பொறிக்கப்பெற்ற வன்தட்டொன்றை ஒருவர் விலைகொடுத்து வாங்கி, வீட்டிற்குக் கொணர்ந்து, விண்டோஸ் இயங்கும் தம் கணினியிற் பொருத்துவராயின், திரையில் அவர் காண்பது 931 ஜி.பி. என்னும் எண்ணேயாம். ஆயிரத்திற்கு அறுபத்தொன்பது குறைகின்றது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றார். பட்டியலை எடுத்துப் படிக்கின்றார். கடைக்காரர் தம்மை ஏமாற்றினார் என்றோ, செய்தவர் ஏமாற்றினார் என்றோ முடிவுகட்டுகின்றார். இம்முடிவு பிழையானது. ஆயினும் அதற்காக அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. ஒரே பெயரால் இரண்டு அளவைகளை வழங்கவிட்டு, எது எவ்விடத்துக்கு உரியதென்பதை வாங்குவோரே ஊகித்தறிக என்று உலகம் விட்டுவிட்டது. இக்குழப்பம் யாரால் விளைந்தது, தமிழிற் கணினியியல் கற்பிப்போரும் கற்போரும் இதனை எங்ஙனம் களையலாம் என்பவற்றைக் குறித்து என் கருத்தை இம்மலரை வாசிக்கும் அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதற்கண், காணாமற்போன அறுபத்தொன்பதைத் தேடுவோம். இக்காலத்து ஒரு டெராபைட்டு வன்தட்டுகளுட் பெரும்பாலானவற்றில், 512 பைட்டு கொண்ட கூறுகள் 1,95,35,25,168 உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 10,00,20,48,86,016 பைட்டு வரும். டெரா என்பது நம் எண்ணுமுறையில் ஒரு லட்சம் கோடி. ஆகவே, செய்தவர் தாம் சொன்ன அளவைத் தந்ததோடு, இருபது கோடிப் பைட்டுக்குமேற் கொசுறும் தந்திருக்கின்றார்! விண்டோஸும் இதனை ஒளித்து வைக்கவில்லை. தட்டின் பண்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறப்பின், பைட்டுகளின் முழு எண்ணும் அதற்கு அருகே 931 ஜி.பி. என்பதும் ஒரே வரியில் நிற்கக் காணலாம். முழு எண்ணை நூறு கோடியால் வகுத்தால் ஆயிரம் கிடைக்கும். விண்டோஸ் வகுப்பதோ 1,07,37,41,824 என்னும் எண்ணால். வகுத்து வந்த ஈவுக்கும் அதே ஜி.பி. என்னும் பெயரையே சூட்டிவிடுகின்றது. ஒரு குதிர் நெல்லைச் சின்னப்படியால் அளந்து ஆயிரம் படி என்று ஒருவர் சொல்ல, அதனையே பெரியபடியால் அளந்து 931 படி என்று மற்றொருவர் சொன்னாற்போலும் இது. நெல் ஒரு மணியும் குறையவில்லை.

அவ்விந்தையான எண் எங்கிருந்து வந்தது? அது நினைவகத்தின் அமைப்பிலேயே பிறந்தது. நினைவகத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரி மின்கம்பிகளின் வழியே செல்லும். ஒவ்வொரு கம்பியும் உண்டு, இல்லை என்னும் இரண்டு நிலைகளுள் ஒன்றிலேயே நிற்கவல்லது. ஆதலின் ஒரு கம்பியால் இரண்டு அறைகளைச் சுட்டலாம், இரண்டால் நான்கு, மூன்றால் எட்டு. கம்பி ஒன்று கூடுந்தோறும் அறைகள் இரட்டிக்கும். பத்துக் கம்பிகளுக்கு 1024 அறைகள். பதினாறு கம்பிகளுக்கு 65,536 அறைகள். ஆயிரம் அறைகளோடு நிறுத்திக்கொள்வோம் எனின், எஞ்சிய இருபத்துநான்கு முகவரிகள் வாளா கிடக்கும். அவை தவறி அழைக்கப்படும்போது என்செய்வது என்பதற்கும் தனியே வழிவகுத்தல் வேண்டும். எனவே நினைவகத்தை இரண்டின் மடிகளால் அமைப்பதே முறை. அதனை மாற்றுக என்று அறிவுடையார் எவரும் சொல்லார், யானும் சொல்லேன்.

காந்தத் தட்டின் இயல்பு வேறு. தட்டுகள் எத்தனை, ஒரு முகத்தில் தடங்கள் எத்தனை, ஒரு தடத்திற் கூறுகள் எத்தனை என்பவை காந்தப் பூச்சின் தரத்தையும் எழுதும் முனையின் நுட்பத்தையும் பொறுத்தவை. இரட்டித்தே வளர்தல் வேண்டும் என்னும் கட்டாயம் அங்கே இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட 350 என்னும் தட்டுச் சேமிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். வணிகத்துக்கு வந்த வன்தட்டுகளுள் முதலாவது அதுவே. ஐம்பது தட்டுகள், எழுதுதற்குரிய முகங்கள் 100, முகம் ஒன்றுக்குத் தடங்கள் 100, தடம் ஒன்றுக்கு எழுத்துகள் 500. ஆக ஐம்பது லட்சம் எழுத்துகள். இக்கணக்கில் இரண்டின் மடிக்கு யாதோர் இடமும் இல்லை. தட்டுச் செய்வோர் தொடக்கம் முதலே பத்தால் எண்ணியவர்கள். பிற்காலத்தில் வாங்குவோரை மயக்குதற்கு அவர்கள் ஆயிரத்தைக் கைக்கொண்டனர் எனப் பலர் எழுதியும் பேசியும் வருவது வரலாற்றோடு பொருந்தாது. பெட்டியின்மேற் பெரிய எண் அழகாகத் தோன்றும் என்பதை அவர்கள் அறியாதவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. அதனால் வந்த ஆதாயத்தை அவர்கள் வேண்டாம் என்று தள்ளவுமில்லை.

இனி, பெயர் கலந்த கதையைக் காண்போம். கிலோ என்னும் முன்னொட்டு, ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பெற்று, 1795ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டார் கிராம், மீட்டர் முதலியவற்றைச் சட்டமாக்கியபோது நிலைபெற்றது. கிகாவும் டெராவும் 1960ஆம் ஆண்டுச் சர்வதேச அலகுமுறையோடு வந்தன. நினைவகப் பொறியாளர் 1024 என்பது ஆயிரத்துக்கு மிக அணித்தாயிருத்தலைக் கண்டு, நாவுக்கு எளிதாக அதனை ‘கே’ என்று சொல்லத் தலைப்பட்டனர். தொடக்கத்திலேயே இது தடுமாற்றம் தந்தது. 65,536 என்னும் ஒரே எண்ணை ஒரு சாரார் 64 கே என்றும், மற்றொரு சாரார் 65 கே என்றும் எழுதினர். ஆயினும் அக்காலத்தில் வேறுபாடு நூற்றுக்கு 2.4 அளவே, கணினியைக் கையாண்டோரும் அதனைச் செய்தோரும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தினர். தம்முட் பேசிக்கொள்ளும் குறுஞ்சொல்லால் எவர்க்கும் இழப்பு நேரவில்லை.

பின்னர் மெகா வந்தது. வேறுபாடு நூற்றுக்கு 4.86 ஆயிற்று. கிகாவில் 7.37. டெராவிலோ ஏறக்குறையப் பத்து. படிதோறும் பிழை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் என்பது கணக்கறிந்தார்க்குப் புதிதன்று. ஒரு டெராபைட்டு என்பதை 10,99,51,16,27,776 பைட்டு எனக் கொள்வாருக்கும், ஒரு லட்சம் கோடி எனக் கொள்வாருக்கும் இடையே 9,951 கோடிப் பைட்டு நிற்கின்றது. பொறியாளர் சிலர் தம்முள் வழங்கிய குறுஞ்சொல், கடைத்தெருவுக்கு வந்து விலைப்பட்டியலில் ஏறியபின்னும் அதே பொருளோடு இருக்கலாம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டு அளவைகளும் தனித்தனியே வழங்கினாற்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்விரண்டையும் குழைத்து மூன்றாவது அளவை ஒன்றைப் படைத்த விந்தையும் நிகழ்ந்தது. பழைய மூன்றரை அங்குல நெகிழ்தட்டைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அதன்மேல் 1.44 எம்.பி. என்று அச்சிட்டிருக்கும். அதன் உண்மைக் கொள்ளளவு யாது? இரண்டு முகங்கள், முகத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 கூறுகள், கூறுக்கு 512 பைட்டு. ஆக 14,74,560 பைட்டு. பத்தின் மடியால் வகுத்தால் 1.47 வரும். இரண்டின் மடியால் வகுத்தால் 1.41 வரும். 1.44 எவ்வழியால் வரும்? முதலில் 1024ஆலும், பின்னர் 1000ஆலும் வகுத்தால் மட்டுமே வரும்! ஒரு மெகாபைட்டு என்பது 10,24,000 பைட்டு என்று கொள்ளும் நூல் உலகில் யாதுமில்லை. ஆனால் கோடிக்கணக்கான தட்டுகள் அவ்வளவையின்படியே விற்கப்பட்டன. இடத்தை நோக்கிப் பொருளை அறிந்துகொள்ளலாம், தனிப்பெயர் வேண்டுவதில்லை என்பாருக்கு யான் காட்டுவது இந்த நெகிழ்தட்டையே.

வழக்கு நியாயஸ்தலம் வரைக்கும் சென்றது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின்மேல், தட்டின் கொள்ளளவு குறைந்தது என்று தொடுக்கப்பெற்ற வழக்கு 2006ஆம் ஆண்டில் உடன்பாட்டால் முடிந்தது. வாங்கினோர்க்குக் கிடைத்தது கோப்புகளைப் படியெடுத்து வைக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாக. சான்டிஸ்க் நிறுவனத்தின்மேல் வந்த வேறொரு வழக்கில், 2020ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள நியாயஸ்தலம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நூறு கோடிப் பைட்டையே கிகாபைட்டு என்று அந்நிறுவனம் வழங்கியது தவறன்று என்றாயிற்று. தீர்ப்புச் சரியே. ஆயினும் வழக்காடியோர் மனத்தில் எழுந்த ஐயம் பொய்யான ஐயமன்று. அவர்கள் எதிரியைத் தவறாகத் தெரிந்துகொண்டனர் என்பதே என் கருத்து. பெட்டியில் எழுதியவன் சொற்படி நடந்தான். திரையில் எழுதியவனே சொல்லைத் திரித்தான்.

இக்குழப்பம் தீரவேண்டிச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தார் 1998ஆம் ஆண்டு டிசம்பரில் புதுப்பெயர்களை ஏற்றுக்கொண்டனர். கிலோவின் முதலெழுத்தோடு, இருமம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலசையைச் சேர்த்து, 1024 பைட்டுக்குக் கிபிபைட்டு எனப் பெயரிட்டனர். அவ்வாறே மெபி, கிபி, டெபி முதலியனவும் பிறந்தன. கிலோ, மெகா, கிகா என்பன ஆயிரத்தின் மடிகளுக்கே உரியனவென மீண்டும் உறுதிசெய்யப்பட்டன. சர்வதேச அலகுமுறையைக் காக்கும் எடை அளவைப் பணியகமும் இதனையே வற்புறுத்துகின்றது. ஆப்பிள் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் தம் மேசைக்கணினிகளிற் கோப்பளவைப் பத்தின் மடியாற் காட்டத் தொடங்கினர். விண்டோஸ் மட்டும் பழைய எண்ணாலேயே வகுத்துப் புதிய சொல்லை எழுத மறுத்து நிற்கின்றது. நினைவகச் சில்லு செய்வோரும் பழைய வழக்கை விடவில்லை. ஆகவே ஒரே கணினியின் விலைப்பட்டியலில் 16 ஜி.பி. நினைவகம் என்பது இரண்டின் மடியாலும், 512 ஜி.பி. சேமிப்பகம் என்பது பத்தின் மடியாலும் அளக்கப்பெற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. துணிக்கடையில் முதல் வரியை முழத்தாலும் இரண்டாம் வரியைக் கஜத்தாலும் அளந்து, இரண்டிற்கும் முழம் என்றே எழுதித் தந்தால் நாம் வாளா இருப்போமா?

இதற்கு மறுப்புரைப்போர் சொல்வனவற்றையும் கேட்போம். பைட்டு என்பது சர்வதேச அலகுமுறையைச் சேர்ந்ததன்று. ஆகலின் அம்முறையின் விதி அதனைக் கட்டாது என்பர் சிலர். விதி கட்டாதிருக்கலாம், சொல் கட்டும். கிலோகிராம், கிலோமீட்டர், கிலோவாட்டு என ஆயிரம் இடங்களில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லை ஓரிடத்தில் மட்டும் வேறாகக் கொள்க என்று பள்ளிச் சிறுவனுக்குச் சொல்லுதற்குத் தக்க காரணம் வேண்டும். அன்றியும், கணினித் துறைக்குள்ளேயே அது நிலைப்பதில்லை. இணையத்தின் வேகத்தை அளப்போர் எப்போதும் பத்தின் மடியையே கொள்வர். வினாடிக்கு நூறு மெகாபிட்டு செல்லும் வழியில் ஒரு கிகாபைட்டுக் கோப்பு வர எத்தனை வினாடி ஆகும் என்று கேட்டால், ஒரு கணக்கில் 80, மற்றொரு கணக்கில் ஏறக்குறைய 86. தேர்வில் இவ்வினா வந்தால் மாணவன் எதனை எழுதுவான்? பாடநூல்கள் பலவும் இன்றுவரை 1024 பைட்டே ஒரு கிலோபைட்டு என்று மட்டும் சொல்லி அமைகின்றன. உலகம் ஒப்பிய அளவின்படி 1000 என்று விடை எழுதியவன் மதிப்பெண் இழக்க நேரும். அறியாமைக்குத் தண்டனை கிடைப்பது இயல்பு. அறிந்தமைக்கு அது கிடைப்பது தகுமோ?

மற்றொரு மறுப்பு, புதுப்பெயர்கள் காதுக்கு நகைப்பாயுள்ளன என்பது. பேரறிஞர் டொனால்டு கனூத்தும் அப்பெயர்களை விரும்பாமல், ‘பெரிய கிலோபைட்டு’ என்று வழங்கலாம் என்றார். இம்மறுப்பை யான் எளிதாகத் தள்ளமாட்டேன். தமிழில் இது நகைப்போடு நிற்பதன்று, பெருந்தடையாகவே முடிகின்றது. மேலே கிபி, மெபி, கிபி என்று எழுதியபோது, கிபி இரண்டுமுறை வந்ததை அன்பர்கள் கவனித்திருப்பர். அச்சுப்பிழை அன்று. கிலோவுக்குரிய கிபியும் கிகாவுக்குரிய கிபியும் ஆங்கில எழுத்தில் வெவ்வேறு, தமிழெழுத்தில் ஒன்றே. பத்து லட்சம் மடங்கு வேறுபாடுடைய இரண்டு அளவைகள் நம் ஏட்டில் ஒரே வடிவம் பெறுகின்றன. கிரந்த எழுத்தால் ஜிபி என்று பிரித்தெழுதலாமெனின், கடைத்தெருவில் கிகாபைட்டுக்கு வழங்கும் சுருக்கமே ஜி.பி.; எந்தக் குழப்பத்தை நீக்கப் புகுந்தோமோ அதனுள்ளேயே மீண்டும் விழுவோம். எஞ்சியதோ, ஆண்டுக் கணக்கின் கி.பி. என்று வாசிக்கப்படும். இச்சொற்களை அப்படியே ஏற்றல் நமக்கு இயலாது.

அங்ஙனமாயின் என் செய்வது? இரட்டித்து அளத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. தூணி ஒன்றுக்கு 256 ஆழாக்கு. எட்டு இரும இலக்கங்கள் கொண்ட ஒரு பைட்டு ஏற்கவல்ல மதிப்புகளும் 256. (கலம் மூன்று தூணியாகி இவ்வொழுங்கைக் கெடுத்துவிடுகின்றது; அஃது இருக்கட்டும்.) நம் முன்னோர் இரண்டின் மடிகளால் அளந்தனர், ஆனால் அம்மடிகளுக்குத் தனித்தனிப் பெயரிட்டனரேயன்றி, ஆயிரத்தின் பெயரை இரவல் வாங்கவில்லை.

இதனினும் நெருங்கிய சான்று நாணயத்தில் உண்டு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன்பு ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, 64 பைசா. நாம் காலணா என்றது அப்பைசாவையே. ரூபாயை ஆறுமுறை பாதியாக்கினால் வருவது அது. முற்றும் இரும அளவை. அன்றுமுதல் ரூபாய்க்கு நூறு பைசா என்றாயிற்று. பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே சந்தையில் ஒரே நாளிற் கைமாறின. அரசாங்கத்தார் என்செய்தனர்? இடம்நோக்கிப் பொருளறிக என்று மக்களை விட்டுவிட்டனரா? இல்லை. புதியதற்கு ‘நயா பைசா’ என்று பெயரிட்டு, நாணயத்தின்மேலேயே அதனைப் பொறித்தனர். பழையது வழக்கொழிந்தபின், 1964ஆம் ஆண்டு ஜூன் முதல், நயா என்னும் அடையை எடுத்துவிட்டனர். எழுத்தறியாத கிழவியும் ஏமாறாதபடி ஒரு சிறு அடைமொழி காத்தது. கற்றோர் நிறைந்த கணினி உலகம் இவ்வளவு செய்ய ஒருப்படாதது வியப்பே.

ஆகவே தமிழில் நாம் அவ்வழியையே பின்பற்றலாம் என்பது என் துணிபு. கிலோபைட்டு, மெகாபைட்டு, கிகாபைட்டு, டெராபைட்டு என்பன ஆயிரத்தின் மடிகளாகவே நிற்க. இரண்டின் மடிகளைச் சொல்ல வேண்டுமிடத்து, ‘இரும’ என்னும் அடையைச் சேர்த்து, இருமக் கிலோபைட்டு, இரும மெகாபைட்டு, இருமக் கிகாபைட்டு, இரும டெராபைட்டு என்க. இருநிலை எண் என்றும் இரும எண் என்றும் இரண்டு வழக்குகள் உள்ளனவாயினும், அடையாக நிற்றற்குக் குறுகியதே ஏற்றது. கேட்ட அளவில் பொருள் விளங்கும், எழுத்திற் குழம்பாது, கனூத் விரும்பியவாறு பழைய பெயரும் உள்ளே நிற்கும். சொல் நீளுகின்றதே எனின், நீளட்டும். நினைவகத்தைப் பற்றிப் பேசும்போதன்றி அது மிகுதியும் வேண்டப்படாது. கடையில் தட்டு வாங்குவோர்க்கும், கைப்பேசியின் படங்களைக் கணக்கிடுவோர்க்கும் ஆயிரமே போதும்.

சொல்லை மாற்றியதனால் விண்டோஸ் மாறிவிடாது என்பதை அறிவேன். அதன் திரையில் 931 ஜி.பி. என்றே இன்னும் நெடுநாள் தோன்றும். ஆனால் அதனைக் கண்ட மாணவன், இது 931 இருமக் கிகாபைட்டு, இதனை 1.0737ஆற் பெருக்கினால் ஆயிரம் என்று தன் ஏட்டில் எழுதிக்கொள்வானாயின், கடைக்காரரோடு வழக்குக்கும் போகான். வீட்டிலுள்ள மூத்தோர்க்கும் விளக்குவான். முதலாண்டு மாணவர்க்குரிய சோதனைச்சாலைக் குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்தில் இன்னும் 1024 என்னும் அட்டவணை மட்டுமே உள்ளது. அடுத்த பதிப்பு அச்சுக்குச் செல்லுமுன், அதனருகே ஆயிரத்தின் அட்டவணையையும் சேர்த்து, முன்னதன் ஒவ்வொரு வரியிலும் ‘இரும’ என்னும் மூன்றெழுத்தைப் புகுத்துமாறு துறைத்தலைவரைக் கேட்டுக்கொள்கின்றேன்.